சம்பந்தியம்மாவின் வாயில் என் சத்தம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள், சம்பந்தியம்மாவும் சுகமாகத்தான் இருப்பார், அவருக்கென்ன குறைச்சல். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. எனக்கு வயிற்றில் மட்டும் கொஞ்சம் எரிச்சல், அது மருந்துக்குக் கேட்கிற எரிச்சல் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் கை வேலையாக இருக்கிறேன் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் உன்னிடம் ஒன்று கேட்டால் பின்னாலிருந்து அவர் பதில் சொல்கிறார். இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

போன வாரம் கேட்டாயே, மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை கிடைத்திருக்கிறது, போட்டோ வேலையை அங்கே மாற்றிக்கொள்ளப் போகிறேன், அத்தையையும் பார்ட்னராகச் சேர்த்துக்கொள்ளட்டுமா, நீ வருத்தப்படுவாயா என்று. எனக்கென்ன வருத்தம், உன் கடை உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அது சுத்தப் பொய். அன்றைக்கெல்லாம் அப்பாவிடம் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன், சமையலில் உப்புப் போட மறந்துவிட்டேன், அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்தார், உப்பில்லை என்றுகூடச் சொல்ல மாட்டீர்களா என்று அதற்கும் ஒரு சண்டை. நீ படுக்கையறை ஜன்னலோரம் வெள்ளைப் போர்வையைக் கட்டி, இரவல் கேமராவில் மாடிவீட்டுக் குழந்தையைப் படம் பிடித்தபோது இந்த அத்தை எங்கே இருந்தார்? போர்வையில் சுருக்கம் விழுகிறதே என்று யாரிடம் கேட்டாய்? தண்ணீர் தெளித்து இஸ்திரி போடு, மடிக்காமல் சுருட்டி வை என்று சொன்னது நான். குழந்தைகளுக்குக் குல்லாய், காலுறை, காது வைத்த தொப்பி எல்லாம் கண் வலிக்கப் பின்னி அனுப்பியது நான். அவர் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்தவர். இன்றைக்குப் பார்த்தால் யார் எப்போது வர வேண்டும் என்று போனில் சொல்வது அவர், குழந்தையைத் துணியில் சுற்றுவது அவர், பசியாற்றிவிட்டுக் கூட்டி வாருங்கள் என்று தாய்மாருக்குப் பாடம் எடுப்பது அவர். உன் ஃபேஸ்புக் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டவர்கள் எழுதுவதையெல்லாம் நானும் படிக்கிறேன். படம் நன்றாக வந்தது என்று ஒரு வரி, உங்கள் அத்தை குழந்தையைச் சிரிக்க வைத்தாரே என்று நாலு வரி.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ கேமராவோடு குனிந்து நிற்கிறாய், குழந்தை அழப்போகிற மாதிரி உதட்டைப் பிதுக்குகிறது, சம்பந்தியம்மா முன்னால் வந்து நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி டொக் டொக் என்கிறார், ஒன்றும் தெரியாதவர் போல வேறு பக்கம் பார்க்கிறார், சட்டென்று திரும்பி உதட்டைப் படபடவென்று ஊதுகிறார், குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிறது. அது என் சத்தம் குட்டிம்மா. நீ மருந்தைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாய், மூக்கைப் பிடித்தாலும் திறக்க மாட்டாய், வேறு வழி தெரியாமல் உனக்காக நான் கண்டுபிடித்தது. நீ சிரிக்கும்போதுதான் கரண்டி உள்ளே போகும். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்து, இன்னொரு வாயிலிருந்து கேட்கும்படி செய்துவிட்டாயே. நகையைக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது, உண்மையைச் சொல்கிறேன்.

வேகம் அடங்காமல் மறுநாளே நம் தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போனேன். பேங்கில் போட்டோ கேட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன், கேட்டதென்னவோ நிஜம்தான், ஆனால் அவசரம் ஒன்றுமில்லை. அங்கே ஒரு சின்னக் குழந்தையைக் குடை மாட்டிய விளக்குக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் கைதட்டிப் பார்த்தார், சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார், அது வீல் வீலென்று கத்துகிறது. என் நேரம் வந்துவிட்டது என்று நினைத்து எழுந்தேன். கொஞ்சம் தள்ளுங்கள் என்று அவரையே ஒதுக்கிவிட்டு முன்னால் போய் டொக் டொக் என்றேன், திரும்பினேன், ஊதினேன், ஒன்று குறையாமல் செய்தேன். குழந்தை ஒரு நிமிஷம் என்னையே உற்றுப் பார்த்தது. பிறகு பூச்சாண்டியைப் பார்த்த மாதிரி அலறியது பார், அதன் அம்மா தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டாள். அம்மா நீங்க கொஞ்சம் உக்காருங்க என்று போட்டோக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். என் முறை வந்ததும், முகம் இறுக்கமா இருக்கு, மனசுக்குப் பிடிச்சவங்க யாரையாவது நினைச்சுக்குங்க என்றார். உன்னைத்தான் நினைத்தேன். படம் வந்ததும் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, யார் மேல இவ்வளவு கோபம் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து வீடியோவை மறுபடி போட்டேன். அவர் செய்து சிரிக்கிற குழந்தை நான் செய்தால் ஏன் அலறுகிறது, எந்த இடத்தில் அவர் கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறார் என்று கண்டுபிடிக்கத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் ஊதுவதைப் பார்த்துக் குழந்தையும் திகைத்துத்தான் போகிறது, இதோ அழப்போகிறது என்று நினைக்கிறேன், அதற்குள் கேமராவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு சிரிப்பு கேட்கிறது. நீ சிரிக்கிறாய். அந்தச் சத்தம் வந்ததும் உன்னால் அடக்க முடியவில்லை, தோள் குலுங்குகிறது, குழந்தை உன்னைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறது. நம் வீட்டில் நீ சிரித்த அதே சிரிப்பு. போனில் என்னிடம் பேசும்போது நீ அப்படிச் சிரிப்பதில்லை, மாத்திரை போட்டாயா, அப்பா எங்கே என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். முதலில் பெற்ற வயிறு பற்றிக்கொண்டுதான் எரிந்தது, மறைக்க மாட்டேன். பிறகு யோசித்தேன். நீ வேலைக்கும் போய்விட்டு வந்து, சாயங்காலம் இதற்காக ஓடி, அவ்வளவு அசதியிலும் ஒருத்தர் பக்கத்தில் நின்று உன்னை அப்படிச் சிரிக்க வைக்கிறார் என்றால் அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அது பத்திரமாக அப்படியே இருக்கிறது.

அதனால் சம்பந்தியம்மாவைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மனஸ்தாபம் வரக் கூடாது. மாடிப்படியில் நல்ல வெளிச்சம் போடு, கைக்குழந்தையோடு ஏறுவார்கள். அறை குளிராக இருந்தால் குழந்தை சிரிக்காது, யார் ஊதினாலும் சிரிக்காது. அடுத்த மாதத்துக்குக் குல்லாய் பின்னிக்கொண்டிருக்கிறேன், என்ன நிறம் வேண்டும் என்று நீயே சொல், அவரைவிட்டுச் சொல்லச் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் எப்போதும் உண்டு, கடை நன்றாக ஓடட்டும், வருகிற குழந்தைகள் எல்லாம் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். சம்பந்தியம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அவர் செய்யட்டும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். உனக்குக் காய்ச்சல் வந்து, மருந்து கசக்கிறது என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் மட்டும் அவர் செய்யக் கூடாது. எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணு. நான் செய்வேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா