மீதி இரண்டு

நாள் 31. 08:10
வழக்கமான பதிவு. ஆல்பின், வியாழனின் நிலவான கலிஸ்டோவிலிருந்து. இந்தக் குளிரில் கணினியைக் குளிர்விக்கச் செலவில்லை என்று இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். மனிதன் குளிர்வதும் இலவசம்தான்.

இரண்டை நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண்தானா? நான்கில் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்த ராட்சத எண்ணால் வகுக்க வேண்டும். மீதியை வைத்து மறுபடி அதே. இப்படி நூறு கோடிச் சுற்றுக்கு மேல். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண்.

அன்றன்றைய மீதி தானாகப் பூமிக்குப் போய்விடும். அங்கே இதே கணக்கைப் போடும் இன்னொரு கணினியோடு ஒப்பிடுவது ஜெபக்கனி அக்காவின் வேலை, நான் பார்ப்பதில்லை. கணக்கு முடியும் நாளில் என்னை ஏற்றிப்போகக் கப்பல் வந்து நிற்கும்.

09:40
அக்காவின் குரல், முதலில் ஒரு இருமல்: "பாத்தாச்சு ஆல்பின், சரியாத்தான் இருக்கு. கப்பல் வந்துட்டே இருக்கு. நீ கணக்க நடத்து."

நாள் 204. 11:05
இரண்டு மின்னாக்கிகளில் ஒன்று போய்விட்டது. நினைவகம் ஒரு கணம் செத்துப் பிழைத்தது. கணக்கு நிற்கவில்லை. இருக்கிற மின்சாரம் கணினி, நான் இருவரில் ஒருவருக்குத்தான் காணும். என் ஹீட்டரை அணைத்தேன். மீதியைச் சரிபார்க்கும்படி அக்காவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன்.

12:35
இருமல். "பாத்தாச்சு ஆல்பின், சரியாத்தான் இருக்கு. கப்பல் வந்துட்டே இருக்கு. நீ கணக்க நடத்து." நிம்மதி. பாவம், இருமல் இன்னும் விடவில்லை. சுக்கு தட்டிப் போட்டுக் குடிக்கச் சொல்லி அனுப்பினேன்.

நாள் 390. 10:00
இடக்கையில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நானே வெட்டினேன். என்ன மருந்து என்று கேட்டதற்கும் 'சரியாத்தான் இருக்கு' என்றே பதில். கோபம் வந்தது. அவருக்கு என்ன வேலைப்பளுவோ என்று விட்டுவிட்டேன்.

நாள் 611. 09:15
முடிந்தது. மீதி 2.

2 எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நடுவில் மீதி அழிந்து பூஜ்யமாகியிருக்க வேண்டும். பூஜ்யத்தில் இரண்டு போனால் கழித்தல் இரண்டு. அதன் வர்க்கம் நான்கு, இரண்டு போனால் இரண்டு. அதன் வர்க்கமும் நான்கு, இரண்டு போனால் இரண்டு. பிறகு எத்தனை கோடிச் சுற்று ஓடினாலும் இரண்டுதான்.

பழைய அறிக்கைகளைத் திறந்தேன். 204ஆம் நாள் முதல் தினமும் 2. இந்த வெறும் இரண்டுக்குத்தான் என் விரல்களைக் கொடுத்தேன்.

ஒப்பிட்டிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். அக்கா ஒப்பிடவில்லையா?

11:30
அவர் பதில்களை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். அதே வார்த்தைகள். அதே இடத்தில் அதே இருமல். முதல் நாளிலிருந்தே.

சுக்கு குடிக்கச் சொன்னேனே.

12:10
கணினியை அணைத்து ஹீட்டரைப் போட்டேன். சாப்பாட்டைக் கணக்கு முடியும் நாள்வரைக்கும் அளந்துதான் கொடுத்தார்கள். வெளியே கப்பல் எதுவும் இல்லை.

13:20
அனுப்பியது: "அக்கா, நான் செத்துட்டேன்."

14:50
இருமல். "பாத்தாச்சு ஆல்பின், சரியாத்தான் இருக்கு. கப்பல் வந்துட்டே இருக்கு. நீ கணக்க நடத்து."