மச்சானின் கையும் நிறுத்தும் பட்டனும்

மார்ச் 3, செவ்வாய்
கடும் வெயில். மத்தியானம் கரண்ட் போனது. த்ரீடி பிரிண்டரில் பாதி வந்த மூடி வீண்.
வாங்க: ஸ்பிரிங், மெல்லிய வயர், அரிசி (கவிதா மூன்றாம் முறை சொல்லிவிட்டாள்).
ஒரு கையில் விரல் இழந்தவர்களுக்கான கேம் கன்ட்ரோலர், ஏழாவது மாதிரி தயார். இடது கை பிடிக்கும், வலது உள்ளங்கை பெரிய பட்டன்களை அமுக்கும். வெள்ளிக்குள் வரைபடம் கம்பெனிக்குப் போக வேண்டும். அச்சு வெட்டிவிட்டால் பிறகு எதையும் நகர்த்த முடியாது.

மார்ச் 4, புதன்
இரத்தோட்டை பஸ்ஸில் சிவா வந்தான். என் மனைவி கவிதாவின் அண்ணன், என்னோடு படித்தவன். தேயிலை ஃபாக்டரி ரோலரில் வலது கையில் மூன்று விரல் போய் இரண்டு வருஷம்.
ஃபுட்பால் கேம். 3–1, அவன் வெற்றி. ஆட்டம் அடிக்கடி நின்றது. களைப்பில் நிறுத்துகிறான் என்று நினைத்தேன்.
"சும்மா விட்டுக் குடுக்கிறியா?"
"இல்லடா." பொய்.
"என் கைதான் மச்சான். இதுக்கெல்லாம் சரிப்படாது."
பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டான்.

மார்ச் 5, வியாழன்
கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்தேன். ஒரே ஆட்டத்தில் 31 தடவை 'நிறுத்து'. எவனும் 31 தடவை களைக்க மாட்டான்.
உள்ளங்கையைத் தட்டையாக வைத்தேன். நேராக நிறுத்தும் பட்டன் மேல் விழுந்தது.
ஆறு மாதம் என் மூன்று விரலை மடக்கிக்கொண்டுதான் சோதித்தேன். மடக்கிய விரல் உள்ளங்கையைத் தூக்கிப் பிடிக்கும். அவனுக்கு மடக்க விரல் இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பட்டன் வைத்துப் பிழைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.
போன் செய்தேன். "உன் கை இல்லடா, என் பட்டன்."
"ஆறுதல் சொல்லாத." வைத்துவிட்டான்.
அவகாசம் கேட்டுக் கம்பெனிக்கு மெயில். பதில்: திங்கள் காலை, அதற்கு மேல் இல்லை.

மார்ச் 7, சனி
நிறுத்தும் பட்டனை இடது முன்பக்கம் மாற்றினேன். மூடி இரண்டு முறை வளைந்தது. மூன்றாவது சரி. அரிசி வாங்கியாச்சு.

மார்ச் 8, ஞாயிறு
கவிதா சாப்பாட்டுக்கு என்று சொல்லி அண்ணனை வரவழைத்தாள். தொடவே மாட்டேன் என்றான். சாப்பிட்டபின் தொட்டான்.
இந்தத் தடவை உண்மையாகவே ஆடினேன். 4–3, நான். ஆட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை.
கன்ட்ரோலரை மெத்தையில் வீசினான். "என்னடா சாமான் செஞ்சிருக்க? பச்சைப் பட்டன் லேட்டா வேலை செய்யுது! இல்லாட்டி நான்தான் ஜெயிச்சிருப்பேன்!"
கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"இன்னொரு ஆட்டம் போடு."
அவன் போனபின் பச்சைப் பட்டனைச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. வரைபடம் அனுப்பியாச்சு. பச்சைப் பட்டனைப் பற்றி அவனிடம் சொல்லப்போவதில்லை.