நடு அறையில் நிற்கும் பீரோ

அன்புள்ள குருவிக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வீட்டில் காலையில் கண் விழித்ததும் வருகிற முதல் நினைப்பு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “அப்பா இருக்காரா” என்பாய், நான் “இதோ குடுக்கிறேன்” என்பேன், அதற்கு மேல் நம் பேச்சு நீண்டதில்லை. அதில் எனக்குக் குறை இல்லை, நானும் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் இப்போது உன்னிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும், நடந்ததை எல்லாம் சொன்னால்தான் அதைக் கேட்க முடியும். காலையிலிருந்து உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். அடுப்பை அணைத்தேனா என்று போய்ப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தது, திரும்பவும் போய்ப் பார்த்தேன். நிம்மதியாக உட்கார இடமும் இல்லை. பீரோ நடு அறையில் நிற்கிறது, அதன் முதுகுக்கும் சன்னலுக்கும் இடையில் நாற்காலியைச் செருகிக்கொண்டு எழுதுகிறேன். உன் அம்மாவின் பீரோதான். பதறாதே, உள்ளே எதுவும் கலையவில்லை, கண்ணாடியிலும் கீறல் இல்லை.

போன மாதக் கடைசியில் பீரோவைத் திறந்தால் ஈர வாடை வர ஆரம்பித்தது. அக்காவின் துணிகளை எடுத்து உதறிப் பார்த்தேன், அடியில் இருந்ததில் பூசணம் பிடித்திருந்தது, துடைத்து வெயிலில் காயவைத்து அதே வரிசையில் அடுக்கிவிட்டேன். (நான் நேரில் பார்த்திராத உன் அம்மாவை அக்கா என்றுதான் மனசுக்குள் சொல்லிப் பழகியிருக்கிறேன், உனக்குப் பிடிக்காவிட்டால் சொல்.) குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குழாய் விரிசல் விட்டிருக்கிறது, பீரோவை நகர்த்தினால் அரை நாள் வேலை என்றார். அப்பா உடனே, நகர்த்த வேண்டாம், சுவருக்கு வெளியே புதுக் குழாய் போட்டுவிடு என்றார். “போடலாம் சார், உங்க காசு. ஆனா ஊறின சுவத்த அப்படியே மூடி வெச்சா துணியெல்லாம் போயிடும்” என்றார் அவர். அப்பா பீரோவில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கவும், “என்ன சார், பீரோ வேர் விட்ருச்சா” என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு முக்காலி இடம் மாறிப் பார்த்ததில்லை. என் புத்தகங்கள் நான் கொண்டு வந்த அட்டைப்பெட்டிகளிலேயே கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, ஒன்று வேண்டுமென்றால் தரையில் படுத்துப் பெட்டியை இழுத்து எடுப்பேன், படித்து முடித்ததும் மறுபடி உள்ளே தள்ளிவிடுவேன். வைக்க இடம் வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. ஆனால் அன்றைக்கு, இந்த வீட்டில் மனுஷர்களை விடச் சாமான்களுக்குத்தான் மரியாதையா என்று கேட்டுவிட்டேன்.

அப்பா சண்டைக்கு வரவில்லை. வேலைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே, “குருவி சொல்லிட்டுப் போனாம்மா. நான் திரும்பி வர்றப்ப எல்லாம் அப்படியே இருக்கணும், எதையும் மாத்தாதீங்கப்பான்னு” என்றார். அக்கா இறந்த வருஷம் நீ வெளிநாட்டுக்குக் கிளம்பினாயே, அன்றைக்கு வாசலில் வைத்துச் சொன்னதாம். உனக்கு அது நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அழுதுகொண்டே சொல்கிற எத்தனையோ வார்த்தைகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அவர் அதை வேதவாக்காக வைத்துக்கொண்டிருக்கிறார். நாள்காட்டி தொங்கும் ஆணியைக்கூட மாற்றவில்லை. நான் இவ்வளவு நாளும் அவர் அக்காவுக்காகத்தான் இப்படி இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்மணி ஓர் அங்குலம் அசைய விடாத ஆள் என்றும் நானாகவே முடிவு செய்து, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பயந்தும் போயிருந்தேன்.

மாடி வீட்டு அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அவளா? அவ வீட்ல வருஷா வருஷம் பூகம்பம்டி. குருவிக்குப் பரீட்சை என்னிக்கு முடியுதுன்னு அந்தப் பொண்ணை விட நான்தான் கவலையா கேப்பேன், மறுநாள் என் தலைக்குக் கீழ தடதடன்னு ஆரம்பிச்சுடும்ல” என்றார். உன் பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த மறுநாள் வீடு முழுக்க இடம் மாறும் என்பதையும், பீரோ ஒரு வருஷம் இந்தச் சுவர், மறு வருஷம் அந்தச் சுவர் என்று போகும் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்கா துணிக் கம்பெனியில் சட்டைத் துண்டுகளின் அளவு அட்டைகளைத் துணி மேல் நெருக்கி அடுக்குகிற வேலை செய்தார், ஒரு கையகலத் துணிகூட வீணாகக் கூடாது, அவர் அடுக்கினால் ஆயிரம் சட்டைக்குப் பத்துச் சட்டை கூடுதலாக வரும் என்று முதலாளியே சொல்வாராம். கம்பெனியில் அட்டை, வீட்டில் கட்டில், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் அத்தை. பீரோ நகரும்போது வீட்டில் உள்ள எல்லார் கையும் அதன் மேல் இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டமாம். நடக்கத் தெரியாத வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் விரலை எடுத்துப் பீரோ மேல் வைத்துவிட்டுத்தான் தள்ளுவாராம். தள்ளும்போது விசில் அடிப்பாராம், அந்தத் தாளத்துக்குத்தான் அப்பா தோள் கொடுப்பாராம். பொம்பளை விசில் அடிக்கலாமா என்று அத்தை ஒரு தடவை கேட்டதற்கு, “நீங்க வேணா வந்து தள்ளுங்க அத்தை, நிறுத்திடறேன்” என்றாராம். அன்று சாப்பாடு எந்த மூலை காலியாகிறதோ அந்த மூலையில். அதற்கப்புறம் ஒரு வாரம் அப்பா பழைய ஞாபகத்தில் நடந்து முழங்காலில் இடித்துக்கொள்வார், நீயும் அக்காவும் காயத்தை எண்ணிக் கணக்குச் சொல்வீர்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கீழே வந்து பார்த்தால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் மாட்டிக்கொண்டது, பழுது பார்க்க வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிப் போனார். நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் விடுப்பு சொல்லிவிட்டுக் குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். அத்தையும் இறங்கி வந்தார், “ஊரையே ஏத்தி இறக்குற ஆளு, ஒரு பீரோவை நகத்த முடியல பாரு” என்று சொல்லிக்கொண்டே முந்தானையைச் செருகினார். அக்கா செய்கிற மாதிரியே கால்களுக்கு அடியில் ஈரச் சாக்கு வைத்தோம், அதுவும் அத்தை சொல்லித்தான். மூன்று பேர் தள்ளியும் முதலில் அசையவில்லை, அப்புறம் ஒரேயடியாக வழுக்கிக்கொண்டு நடு அறைக்கு வந்துவிட்டது. குழாய்க்காரர் சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார். பீரோ இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது, மற்ற இடமெல்லாம் பீரோக் கால்களின் பழைய தடங்கள். இத்தனை வருஷம் அதன் மேல்தான் நடந்திருக்கிறேன், ஏதோ கீறல் என்று துடைத்துக்கொண்டு.

சாயங்காலம் அப்பா வந்தார். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசற்படியிலேயே நின்றார். பீரோவைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டு, “ஈரச் சாக்கு போட்டீங்களா” என்று மட்டும் கேட்டார். போட்டோம் என்றேன். “விசில் யார் அடிச்சா” என்றார். யாரும் அடிக்கவில்லை என்றேன். “அதான் கோணலா நிக்குது” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனவர் பீரோ முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார், நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அப்புறம் பீரோவைத் திறந்து மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உனக்குத் தெரிந்திருக்கும், கட்டில், மேசை, பீரோ எல்லாவற்றுக்கும் அளவு குறைத்து அக்கா வெட்டி வைத்த அட்டைத் துண்டுகள். தரையில் பரப்பி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். ஆனால் எங்கே வைக்கலாம் என்று நான் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். “குருவிகிட்ட கேக்காம எப்படி” என்றார். சரி, கேளுங்கள் என்றால் போனில் உன்னிடம் மழை பெய்கிறதா, குளிருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன். சுவர் காய்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பூச்சு வேலை முடியும். நாங்கள் பீரோவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறோம்.

ஒன்று சொல்லலாமா, தவறாக எடுத்துக்கொள்ளாதே. நீ போனில் முகம் காட்டிப் பேசும்போது நான் ஓரத்திலிருந்து உன் பின்னால் தெரிவதைத்தான் பார்ப்பேன். ஒரு மாதம் சன்னல் தெரியும், அடுத்த மாதம் வெறும் சுவர், அதற்கடுத்து அலமாரிக் கதவு. வீடு மாற்றிவிட்டாயா என்று அப்பா கேட்டதற்கு, “இல்லப்பா, கட்டிலைத் திருப்பிப் போட்டேன், ஒரே மாதிரி இருந்தா தூக்கம் வர மாட்டேங்குது” என்றாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார், நினைவிருக்கிறதா. அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை, இப்போது புரிகிறது. அங்கே நீ மாற்றிக்கொண்டே இருக்கிறாய், இங்கே உனக்காக அவர் எதையும் தொடாமல் இருக்கிறார்.

ஆகையால் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பீரோ எந்தச் சுவருக்குப் போகட்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். மனசுக்கு ஒப்பவில்லை, பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல், அங்கேயே வைத்துவிடுவேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். நீ எந்த முடிவு எடுத்தாலும் உன் அறையை நாங்கள் தொட மாட்டோம், அது நீ வந்து செய்ய வேண்டியது. நேற்று அப்பா ஒரு பழைய நாள்காட்டி அட்டையையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு வந்து, “உன் புத்தக அலமாரி எத்தனை அடி” என்று கேட்டார். என்னிடம் ஏது புத்தக அலமாரி. இருந்தாலும் நாலடி என்றேன். அவர் அளந்து வெட்டி டப்பாவில் போட்டார். எந்தச் சுவர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டே வேலை என்றாயே, நல்ல செருப்பாக வாங்கிக்கொள். கட்டிலைத் தனியாகத் தள்ளாதே, இடுப்பு பிடித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அங்கே சாக்கு கிடைக்காது, பழைய துண்டை நனைத்துக் கால்களுக்கு அடியில் வை. உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம், ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை, அப்பாவுடையதையும் சேர்த்து நிறைய அன்பு அனுப்புகிறேன், எந்தக் குறையும் இல்லாமல் இரு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறோம், மறந்துவிடாதே. எல்லார் கையும் பீரோ மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம், உன் கை எட்டாது. அக்காவின் விசில் உனக்கு அப்படியே வரும் என்று அப்பா சொன்னார். போனைப் பீரோவின் மேல் சாய்த்து வைக்கிறேன். நீ அங்கிருந்து அடி, நாங்கள் தள்ளுகிறோம்.

இப்படிக்கு,
நீ எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற
சித்தி