மூன்றுக்குச் சைபர், மகேசண்ணை

தோற்றாலும் வாய் ஓயாத என் மகேசண்ணைக்கு,

உங்களிடம் நலம் கேட்க முடியாது. என் நலத்தைச் சொல்கிறேன்: முழங்கால் நோகிறது, சீனி கூடியிருக்கிறது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் ஆண்டுத் திவச மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி பவளம் அக்கா கேட்டார். "பத்தாம் வகுப்புச் சோதினையை மூண்டு தரம் எழுதினவனிட்டைக் கேக்கிறியளே அக்கா?" என்றேன். "மூண்டு தரம் எழுதினனியெண்டால் எழுதிப் பழக்கம் இருக்கும்தானே," என்றார். உங்கள் மனைவியோடு கதைத்து வென்றவர்கள் யார்? நீங்களே வெல்லவில்லை.

நேரே விசயத்துக்கு வருகிறேன் அண்ணை. போன கோடையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க நடந்த உதைபந்து இறுதியாட்டத்தில் உங்கள் கல்லூரிப் பச்சை வெல்லவில்லை. எங்கள் சிவப்புத்தான் வென்றது. அதுவும் மூன்றுக்குச் சைபர். நான் உங்களுக்குச் சொன்ன அந்த ஒரே ஒரு பச்சைக் கோலைப் பாரிஸ் லா சப்பல் கடைத்தெருத் தமிழ்ச் சனம் ஒருவரும் காணவில்லை. ஏனென்றால் அதை அடித்தது நான், ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் வைத்து.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் எங்கள் கதை தெரியாதே. ஊரில் எங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே ஒரு சந்தையும் ஒரு தபால் கந்தோரும்தான். பாரிசில் பழைய மாணவர் சங்கங்கள் கோடைக்குக் கோடை நகரசபை மைதானம் ஒன்றில் பந்தடிக்க வைக்கும். இப்போது மைதானத்தில் ஓடுவது பிள்ளைகள். எங்களுக்கு ஓடுவது வாய் மட்டும்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் சிவப்புச் சனம், அந்தப் பக்கம் பச்சைச் சனம். புருசனும் பெண்சாதியும் வேறு வேறு கல்லூரியென்றால் வாசலிலேயே பிரிந்து போய்விட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் சேர்த்தி.

நான் கல்லூரி அணியில் இருந்தவன் என்று என் மகள் அபியிடம் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் ஒரு நாள் லா சப்பல் தேத்தண்ணிக் கடையில் வைத்து உடைத்தீர்கள். "ஓம் பிள்ளை, கொப்பர் அணியிலை இருந்தவர்தான். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் குடுக்க. நான் எதிர்ப்பக்கத்திலை நிண்டு பாத்தனான், நல்ல வடிவாய் வெட்டுவார்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற ரயிலில் அபி பிரெஞ்சில் கேட்டாள், உங்களை மூன்று தரம் விழுத்திய பள்ளிக்கூடத்துக்காக ஏன் அப்பா தொண்டை கிழியக் கத்துகிறீர்கள் என்று. "அது உனக்கு விளங்காது," என்றேன். எனக்கும் விளங்கவில்லை என்பதைத் தகப்பன்மார் அப்படித்தான் சொல்வார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். 2009இல் ஊரில் யுத்தம் முடிந்த பிறகு வந்த கோடையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தெரியாமல் திரிந்தோம், ஞாபகம் இருக்கிறதா? கடைத்தெருவில் "என்ன, எப்பிடி" என்று கேட்கவே பயம். என்ன பதில் வருமோ என்று. ஆட்டம் வேண்டாம் என்றவர்களும் மைதானத்துக்கு வந்தார்கள். முதல் பாதி முழுக்க ஒரு சத்தமில்லை. உங்கள் கோல்காப்பாளன் காலுக்குள்ளால் பந்தை விட்டபோது, நீங்கள்தான் அந்தப் பக்கத்திலிருந்து "காலைச் சேத்து வையடா, கோவில் மாடே!" என்று கத்தினீர்கள். இரண்டு பக்கமும் சிரித்தது. சிரித்தபடியே அழுதவர்களும் உண்டு. தோற்றால் ஒருவரும் சாகாத ஒரு விசயத்துக்காகக் கத்துவது எவ்வளவு பெரிய சுகம் அண்ணை. அபிக்கு அதை எந்தப் பாசையில் சொல்வது?

அந்த வருடம்தான் எங்கள் இருவருக்கும் இடையில் அந்த வழக்கம் தொடங்கியது. எந்தக் கல்லூரி தோற்கிறதோ, அந்தக் கல்லூரிக்காரன் அடுத்த ஞாயிறு வென்றவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கடை வாசலில் காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்க வேண்டும். யார் என்ன கேட்டாலும் ஒரே பதில்: "அவை நல்லா விளையாடினவை." அவ்வளவுதான். காரணம் சொல்லக் கூடாது, நடுவரைத் திட்டக் கூடாது.

வருடத்துக்கு வருடம் நின்றது நீங்கள்தான். சிவப்புச் சட்டை உங்கள் வண்டி வயிற்றில் ஏறாமல் பாதியில் நிற்கும். கையில் வெற்றிலைச் சரையோடு, கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாமன் மாதிரி நிற்பீர்கள். ஒரு முறை பொலிஸ்காரர் வந்து ஏன் இங்கே நிற்கிறீர் என்று கேட்டதற்கும் "இல்ஸோன் பியான் ஜூவே" என்று அதையேதான் பிரெஞ்சில் சொன்னீர்கள். அவர் உங்கள் வதிவிடக் கார்ட்டைக்கூடப் பார்க்காமல் போனார்.

போன வருட இறுதியாட்டம் முடிந்ததும் நான் மைதானத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்களை நக்கலடிக்க பஸ்ஸில் வசனமெல்லாம் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தேன். லிஃப்ட் கண்ணாடியில் சிவப்புச் சட்டையோடு என் முகத்தைப் பார்த்தேன். கதவைத் திறந்தால், கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தீர்கள்.

"என்னடா தம்பி, எத்தினை?"

"நீங்கள் வெண்டிட்டியள் அண்ணை. ஒண்டுக்குச் சைபர்."

அதோடு விட்டீர்களா? யார் அடித்தது என்றீர்கள். செவ்ரானில் இருக்கிற உங்கட பொடியன், தலையால் என்றேன். மூலை உதையிலா என்றீர்கள். ஓம் என்றேன். எந்தப் பக்கத்து மூலை என்றீர்கள். கணக்குச் சோதினையில்கூட என்னை ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை. "மரம் நிக்கிற பக்கம்," என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கோலைப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அப்ப ஞாயிறு பச்சை போடு. படம் எடுத்து அனுப்பு."

அந்த வழக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன் அண்ணை. பொய் சொல்லுகிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும். அது இருந்திருந்தால் மூன்று தரம் சோதினை எழுதியிருக்க மாட்டேனே.

என்னிடம் ஏது பச்சை? பவளம் அக்காவிடம் உங்கள் சட்டையைக் கேட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வியில்லை. அயன் பண்ணித் தந்தார். போட்டால் எனக்கு முழங்காலுக்கு வந்தது. ஞாயிறு காலை கடை வாசலில் நின்றேன். வென்ற கல்லூரி அந்த ஞாயிறு கிண்ணத்தோடு லா சப்பலுக்கு வந்து வடை சாப்பிடும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் சிவப்புச் சனம் முழுக்கக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அவர்களுக்கு முன்னால் பச்சையில் நான்.

எங்கள் சங்கச் செயலாளர் ரஞ்சன் கிண்ணத்தை இறக்கிவிட்டுக் கேட்டார். "சிறி, நீர் சுகமில்லாமல் இருக்கிறீரோ?"

"அவை நல்லா விளையாடினவை," என்றேன்.

"ஆர்?"

"அவை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் லா சப்பலில் ஒருவனுக்குச் சொன்னால் அவன் முதலில் உங்களுக்குத்தான் போன் அடித்து, 'உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சிறி சொன்னவன்' என்று சொல்லுவான். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா?

அடுத்த கிழமை மார்க்ஸ் டோர்மோயில் ரஞ்சன் வீட்டில் அவசரக் கூட்டம். சோபாவில் ஐந்து பேர். எனக்குப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் கதிரை.

"ஏன் பச்சை போட்டனீர்?"

"ஒரு ஆசையிலை."

"எங்கடை சட்டையிலை என்ன குறை?"

"கை கொஞ்சம் இறுக்கம்."

அதையும் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். தீர்ப்பு: ஒரு வருடத்துக்கு ட்ரம் என்னிடம் இருக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும், எனக்குப் படிப்பில்லை, சங்கத்தில் பதவியில்லை. ஒபர்வில்லியே களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவனை நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், அது எங்கள் பக்கத்து ட்ரம்மை நான் அடிக்கிற அந்த ஒரு நாள்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்த ட்ரம்மை வாரோடு கழற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

மூன்று கிழமையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் நினைவு மலர் கொடுத்தார்கள். இலையில் சோறு, கையில் மலர். இரண்டு கல்லூரிச் சனமும் ஒரே நேரத்தில் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. "தன் கல்லூரி கிண்ணம் வென்ற சேதி கேட்டு நிறைமனத்தோடு கண்மூடினார்." பக்கத்தில் முழங்கால்வரை பச்சையோடு என் படம். கீழே, "தோல்வியை ஒப்புக்கொண்ட உடன்பிறவாத் தம்பி."

பாயாச வாளி நடுவழியில் நின்றது. உங்கள் சங்கத் தலைவரே "நாங்கள் எப்ப வெண்ட..." என்று வாயைத் திறந்தார். அவர் மனைவி இலையில் இன்னொரு வடையை வைத்து அமத்தினார். ரஞ்சன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

பிறகு இரங்கலுரைக்கு ரஞ்சனைக் கூப்பிட்டார்கள். சிவப்புச் சங்கத்தின் செயலாளர், மூன்று கோலையும் படம் பிடித்து வைத்திருக்கிற மனிசன். ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அந்த இறுதியாட்டத்திலை," என்றார், "அவை நல்லா விளையாடினவை."

மண்டபம் முழுக்கத் தலையாட்டியது அண்ணை. சிவப்பும்தான். பாயாசம் மறுபடி நடந்தது.

சனம் கலைந்த பிறகு பவளம் அக்காவிடம் போய் அழுதபடி உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பாத்திரம் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "மூண்டுக்குச் சைபர். எனக்குத் தெரியும். அண்டைக்கு நீ வர முதலே என்ரை தம்பி போன் அடிச்சுச் சொல்லிட்டான். இந்த மனிசனுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு முழுசிக்கொண்டிருக்க நீ வந்து நிண்டாய். பொய் சொன்னது நீ. நான் அச்சடிச்சது மட்டும்தான்."

"அப்ப அண்ணைக்கும் தெரியுமோ?"

"போன் என்ரை காதிலை இருந்தது. அவற்றை காது எங்கை இருந்ததெண்டு நானெப்பிடிச் சொல்ல?"

சொல்லுங்கள் அண்ணை, தெரியுமா? தெரிந்துகொண்டுதான் எந்தப் பக்கத்து மூலை என்று கேட்டீர்களா? அந்தப் படத்தைப் பார்த்து ஆஸ்பத்திரியில் தனியாகச் சிரித்தீர்களா? சிரித்திருந்தால் எனக்குச் சந்தோசம்தான்.

அடுத்த சனிக்கிழமை ரஞ்சன் செவ்ரானில் என் வீட்டுக்கு ரயிலில் ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "வருசம் முடிஞ்சுது," என்றார். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரும் என்னைப் போலக் கணக்கில் புலி போல.

வருகிற ஞாயிறு மறுபடி இறுதியாட்டம், மறுபடி நாங்களும் நீங்களும். இடைவேளைவரை ட்ரம்மோடு கோட்டுக்கு அந்தப் பக்கம், நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று அடிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். "இடைவேளை வரைக்கும்தான், பிறகு ஒரு நிமிசம் கூடாது," என்றிருக்கிறார் ரஞ்சன். அபியும் வருகிறாளாம். தோடம்பழம் யார் வெட்டுவது என்று கேட்கிறாள்.

இனிப் பொய் சொல்லமாட்டேன். பச்சை வென்றால், அந்தச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, போட்டுக்கொண்டு நிற்பேன். தோற்றால் சிவப்புப் போட நீங்கள் இல்லை. அதனால் உங்களுக்காகவும் நான்தான் நிற்பேன். சிவப்புக்காரன் சிவப்புப் போடுவது என்ன தண்டனை என்று சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். அது என் சட்டைதான், ஆனால் அன்றைக்குப் பின்னேரம் வரை உங்களுடையது. கேட்கிற எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
கோட்டுக்கு மற்றப் பக்கத்து உங்கள் தம்பி
சிறி