நோராவுக்குத் தெரிந்த ஐரிஷ்

எம்மன்புரூக்கே
ஞாயிறு

என் அன்பான அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும், தைலத்தை விடாமல் பூசுகிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் நோரா சுவிஸில் பிறந்தவள். காலமான தகப்பன் அயர்லாந்துக்காரர். அவருடைய மொழியைப் படிக்க இப்போது வகுப்புக்குப் போகிறாள். முதல் நாள், தனக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ் வசனத்தால் ஆசிரியைக்கு வணக்கம் சொன்னாளாம். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்தால் வரும்போதெல்லாம் தகப்பன் அதைச் சொல்லித்தான் வரவேற்பாராம். ஆசிரியை எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினாவாம். "கதவைச் சாத்து" என்பதுதான் அதன் அர்த்தம்!

நான் வயிறு நோகச் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, அப்பாவின்ரை குரல் அதுக்குள்ளைதான் இருக்குது" என்றாள்.

அம்மா, உங்கள் பேத்தி மிதுசாவோடு நான் தமிழில் பேசுவதும் அவ்வளவுதான். "சப்பாத்தைக் கழட்டு. கதவைச் சாத்து, குளிர் வருது." மற்றதெல்லாம் ஜெர்மன். "விளக்கு வைக்கிற நேரம், காலைக் கழுவிப்போட்டு வா பிள்ளை" என்று நீங்கள் கூப்பிடுவது எனக்கு இன்னும் கேட்கிறது.

இனிப் போனில் "சாப்பிட்டியோ" என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்காதீர்கள். மிதுசாவுக்குக் குரல்செய்தி அனுப்புங்கள். கோழி, மழை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. கொஞ்சம் ஏசினாலும் நல்லது. யாராவது இங்கே வந்தால் கூழ் காய்ச்ச ஒடியல்மாவும் கொடுத்துவிடுங்கள்.

மிதுசா விளையாடிவிட்டு வந்துவிட்டாள். வழக்கம்போலக் கதவை ஆவென்று திறந்துவிட்டு நிற்கிறாள். இன்றைக்கு நானே எழும்பிப்போய்ச் சாத்துகிறேன்.

உங்கள் மகள்
சுலோஜனா