லெஸ்டரில் நான் சொல்லாத சாட்சி

என் அன்புச் சிவம் அண்ணை,

மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருஷமாகிறது. போன சனிக்கிழமை காலை லெஸ்டரிலிருந்து ஒரு பெண் லண்டன் பிளேஸ்டோவிலுள்ள எங்கள் வீட்டுக்குக் குரல் பதிகிற ரேப் ரெக்கோடரோடு வந்தாள். எங்கெங்கிருந்தோ வந்து அந்த நகரத்தில் உழைத்தவர்களின் கதைகளை அங்குள்ள மியூசியத்துக்காகப் பதிவுசெய்கிறார்களாம்.

உகண்டாவிலிருந்து துரத்தப்பட்ட குஜராத்திகள், ஜமைக்காக்காரர், போலந்துக் கிழவர்கள், கடைசியாக இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த நாங்கள் என்று எல்லாரையும் பற்றிச் சொன்னேன். நாங்கள் வேலை செய்த காலுறைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு மேசையில் ஐந்து பாஷை கேட்டதைச் சொன்னபோது அவளுக்கு நல்ல சந்தோஷம். பிறகுதான் கேட்டாள், ஆபத்தில் ஒருவருக்கொருவர் துணை நின்றீர்களா என்று.

என் மகள் வாணி பக்கத்தில் இருந்தாள். எங்களோடு வேலை செய்த குளோரியாவுக்காக நானும் சாட்சி சொன்னேன் என்றுதான் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறேன். ரேப் சுற்றிக்கொண்டிருந்தது. 

நடந்தது உங்களுக்குத் தெரியும், அண்ணை. வேலை வேகமாக நடக்கட்டும் என்று குளோரியாவின் மெஷினில் கை சிக்காமலிருக்கப் பூட்டியிருந்த காப்புத் தகட்டைக் கழற்றியது சூப்பர்வைசர்தான். பக்கத்து மெஷின்களில் நின்ற நாங்கள் இருவரும் பார்த்தோம். அன்று மத்தியானமே ஜமைக்காக்காரி குளோரியாவுக்கு இரண்டு விரல்கள் போயின. தகட்டை அவளே கழற்றினாள் என்று அவன் சாதித்தான்.

மனேஜர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார். நீங்கள் கண்டேன் என்றீர்கள். நான் காணவில்லை என்றேன். என் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, வயிற்றில் வாணி. ஆனால் உங்களுக்கும் அப்போது முடிவு வரவில்லைத்தானே?

ஒற்றைச் சாட்சி எடுபடவில்லை. குளோரியாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், அடுத்த கிழமை உங்களையும். பஸ் தரிப்பில் நான் அழுதபோது, "அழாதையும் தங்கச்சி. உமக்குப் பயம், எனக்கு விளங்குது. குளோரியாவுக்கு விளங்குமோ தெரியாது" என்றீர்கள். நாங்கள் இரண்டு பேரும் லண்டனுக்கு வந்தபிறகு நீங்கள் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அது ஏன், அண்ணை?

போன சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் போனபிறகுதான் பேசினாள்.

"அம்மா, நீங்கள் பயந்தது ஓகே. ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

 இன்னும் அவள் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குளோரியா இப்போதும் லெஸ்டரில்தான் இருக்கிறாளாம். நம்பர் தேடி எடுத்துப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதுமே என்னை அடையாளம் கண்டுவிட்டாள். அவன் தகட்டைக் கழற்றும்போது நான் நிமிர்ந்து பார்த்ததை அவளும் கண்டாளாம். இத்தனை வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். மன்னிப்பைப் போனில் கேட்க வேண்டாம், நேரே வந்து சொல் என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

வருகிற சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். வாணி கூட வருவாளோ தெரியாது. குளோரியா உள்ளே விடுவாளோ, அதுவும் தெரியாது. வாசலில் வைத்து ஏசினாலும் நின்று கேட்பேன். கண்டதைக் கண்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் திரும்பமாட்டேன், அண்ணை.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மாலதி