மேலே மேலே வந்த கோரி மீன்

கையில் மீன்தொட்டி மணல் நாறுகிறது. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இந்த அழுகின முட்டை வாடை போகவில்லை. நீ இருந்திருந்தால் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் திட்டியிருப்பாய். திட்ட ஆளில்லாததால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கோரிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

நீ வளர்த்ததில் மிச்சம் அது ஒன்றுதான். கோரி என்கிற கட்டைவிரல் அளவு கெளுத்தி, தரையோடு தரையாக மீசையால் மணலைக் கிளறித் திரிகிற ஜீவன். போன வாரம் ஒரு காலையில் விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கியது. கீழே போய், உடனே மறுபடி வந்தது. எப்போதாவது வந்தால் அது வழக்கம், அடிக்கடி வந்தால் ஆபத்து என்பாய். அடிக்கடிதான் வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், தொட்டி முன்னால் போய் நின்றேன். ஆபீசுக்குப் போயும் ஒரு வேலையும் ஓடவில்லை. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வண்டியைப் படூர் வீட்டுக்கே திருப்பிவிட்டேன்.

என் குடும்பத்துக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது செத்த பிறகுதான். மாமல்லபுரத்துக் கரையில் செவுளைத் தூக்கிப் பார்த்தே இன்று பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடுவோம். உயிரோடு இருக்கிற மீனுக்கு நோவு என்றால் எங்களுக்குப் புரியாது. கல்யாணமான புதிதில் ஒரு கோரியின் உடம்பெல்லாம் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி வந்தது ஞாபகம் இருக்கிறதா? உப்பு ஆற்றாத புண் இல்லை என்று நான் ஒரு கை கல்லுப்பை அள்ளிக்கொண்டு வந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாய்.

"யோவ், இன்னா கருவாடு போடப் போறியா? அதுக்குச் செதிலே கெடையாது. உப்பு தாங்காது."

மதுராந்தகத்து நெல் வியாபாரி வீட்டுப் பெண் நீ, கடல்காரனுக்கு மீன் பாடம் எடுத்தாய். தண்ணீரை மெல்லச் சூடேற்றி, மருந்தைப் பாதி அளவு ஊற்றி, காற்று மோட்டாரைக் கூட்டி வைத்து, அந்த மீனைப் பிழைக்க வைத்தாய்.

மீனுக்கு இத்தனை பார்த்தவள், உன் வயிற்றுவலியை மட்டும் கேஸ் டிரபிள் என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றிவிட்டிருந்தது. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆறவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மீசை பாதி தேய்ந்திருந்தது. வயிற்றில் சிவப்பு. மருந்துப் புட்டியை எடுத்தவன் நின்றேன். "மொதல்ல தண்ணி, அப்பறம் மருந்து" என்பாயே. தண்ணீரைச் சோதித்தால் கெட்டுத்தான் கிடந்தது. மணலைக் கிளறினேன். அடியில் ஊறிக் கறுத்த சோற்றுப் பருக்கைகள்.

அம்மாவிடம் கேட்டேன். நீ போன பிறகு ஊரை விட்டு வந்து என்னோடுதான் இருக்கிறாள். அவள் எதையும் ஒளிக்கவில்லை.

"மேல ஓடுற மீனுங்க இருந்தா அதுங்க துன்ன மிச்சமாவது கீழ வுழும். இது ஒண்டியா கெடக்குது. அவ இருந்தா பட்டினி போடுவாளாடா? அதான் தெனம் ஒரு புடி சோறு போட்டுகினு இருந்தேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு வாளியை எடுக்கப் போனேன்.

அதிலிருந்து தினமும் இதே வேலை. லாரித் தண்ணீரை வாளியில் பிடித்து, குளோரின் போகச் சொட்டு மருந்து விட்டு வைப்பேன். குழாயால் மணலிலிருக்கும் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றுவேன். உருண்டைத் தீனியை அது தொடவே இல்லை. மிஞ்சியதைப் பொறுக்கி எடுக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் நீ பேர் சொல்லிக் கொஞ்சிய உயிர் என்று என்னைத் தவிர எதுவும் இருக்காது.

இன்று காலை வாளியோடு போய் நின்றேன். வெகுநேரம் அது மேலே வரவே இல்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு தேடினால், தொட்டிக்குள் கிடக்கிற மரக்கட்டைக்குப் பின்னால் மணல் சின்னதாகப் பொங்கியது. அந்தத் தேய்ந்த மீசையை வைத்துக்கொண்டு முகர்ந்து முகர்ந்து தீனியைத் தின்றுகொண்டிருந்தது.

"ஏய், இங்க வா. துன்னுது பாரு" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டுவிட்டேன்.

அம்மா ஈரக்கையோடு வந்தாள். அவளை நான் ஏய் என்று கூப்பிடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என் பக்கத்தில் குனிந்து தொட்டியைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நல்ல சேதி என்றால் இன்னமும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வருகிறது.